மூன்று அடுக்கில் தூய்மையாகும் அலுமினியம்

பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் வார்ப்பதற்கு, பாக்சைட்டிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் உருக்குவது வேறு, தூய்மையாக்குவது வேறு. எஞ்சின் வார்ப்புகளில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட சிலிக்கானும், கழற்றப்படாத திருகாணிகளின் இரும்பும் உருகிய அலுமினியத்தில் கரைந்துவிட்டால், அவற்றை எரித்து நீக்க இயலாது. ஏனெனில் அவற்றை முந்திக்கொண்டு அலுமினியமே ஆக்சிஜனுடன் சேர்ந்துவிடும். எனவே, குழம்பில் கூடிப்போன உப்புக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல், ஆலைகள் புதிய அலுமினியத்தைக் கலந்து மாசின் செறிவைக் குறைக்கின்றன.

அலுமினியம் ஆக்சிஜனுடன் முந்திச் சேரக் காரணமான, எலக்ட்ரான்களை எளிதில் இழக்கும் இயல்பையே பயன்படுத்திக்கொள்வது உருகிய உப்பில் நடக்கும் மின்தூய்மையாக்கல். செம்பைத் தூய்மையாக்கும் நீர்க்கரைசல் இங்கு உதவாது. அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் அலுமினியம் படியுமுன் ஹைட்ரஜனே வெளிப்படும். அமெரிக்க அலுமினிய நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஹூப்ஸ் உருவாக்கிய கலத்தில் மூன்று திரவங்கள், இடையில் தடுப்பு எதுவுமின்றி, அடர்த்தி வேறுபாட்டால் மட்டுமே ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்பது வியந்து போற்றத்தக்கது. மாசுள்ள அலுமினியத்துடன் செம்பு சேர்த்துக் கனமாக்கப்பட்ட கலவை நேர்மின்வாயாக அடியில் தங்க, பேரியம் ஃபுளூரைடு சேர்த்து எடை கூட்டப்பட்ட உப்பு நடுவில் நிற்க, தூய அலுமினியம் மேலே மிதக்கிறது. மின்சாரம் பாயும்போது அலுமினியம் அயனியாகி, அதாவது எலக்ட்ரான்களை இழந்து, உப்பைக் கடந்து மேலே சென்று மீண்டும் உலோகமாகிறது. இரும்பும் சிலிக்கானும் செம்பும் அடியிலேயே நின்றுவிடுகின்றன. மக்னீசியமோ அலுமினியத்தைவிட எளிதில் அயனியாகி உப்போடு தங்கிவிடுகிறது. இவ்வகைக் கலங்களின் ஓரத்தில் சற்றுக் குளிர்ந்த கிணறு ஒன்று உண்டு. அடியில் சேரும் இரும்பும் சிலிக்கானும் அங்கே படிகங்களாகப் பிரிய, அவற்றை அள்ளி எடுத்துவிடலாம். மேலே கிடைக்கும் உலோகத்தின் தூய்மை 99.99 விழுக்காடு.

இருபுறமும் ஒரே உலோகம் என்பதால் கோட்பாட்டளவில் மிகக் குறைந்த மின்னழுத்தமே போதும். எனினும் தடித்த உப்பு அடுக்கின் மின்தடையைக் கடப்பதிலேயே பெரும்பகுதி மின்சாரம் வெப்பமாகிவிடுவதால், மின்தேக்கித் தகடு போன்ற உயர்தரத் தேவைகளுக்கே இம்முறை கட்டுபடியாகிறது. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வேறு வழி காட்டினர்: கழிவை உருக்காமல், அலுமினியத்தின் உருகுநிலையான 660 பாகை செல்சியசுக்குக் கீழே, திண்ம நிலையிலேயே உருகிய உப்பில் அமிழ்த்தித் தூய்மையாக்கினர். புதிய அலுமினிய உற்பத்திக்கு ஆகும் ஆற்றலில் பாதிக்கும் குறைவே இதற்குத் தேவை என்பது அவர்களின் கணிப்பு.

அதுவும் உருக்கி வார்ப்பதைக் காட்டிலும் பன்மடங்கு ஆற்றல் செலவாகும் வழிதான். ஒரு திருகாணியைக் கழற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலையை இத்தனை மின்சாரம் கொண்டு பின்னர் செய்வது பெரும் வீண். சன்னல் சட்டத்தையும் எஞ்சின் வார்ப்பையும் காயலான் கடையிலேயே பிரித்துத் தருவோருக்குக் கூடுதல் விலை கொடுக்க உருக்காலைகள் முன்வர வேண்டும்.