விளக்கு வெளிச்சத்தில் ஒரு முகம்

அப்பா போனபோது ஹாலில் மாட்டுவதற்கு எங்களிடம் ஒரு நல்ல படம் இல்லை. கடைசியில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த சின்னப் படத்தைக் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். அதில் அப்பா யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி இருப்பார். எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்த மனுஷன்!

அதனால், அம்மா ஆறு மாதம் எங்களோடு இருக்க நியூ ஜெர்சி வந்தபோது ஒரு முடிவோடுதான் இருந்தேன். கேமராவும் கைவசம் இருந்தது. நிக்கான் டி3400, அதோடு பெட்டியிலேயே வந்த 18-55 கிட் லென்ஸ்.

நவராத்திரி வந்தது. மகள் பாட்டி மடியில் உட்கார்ந்து பாட, அம்மா தொடையில் தாளம் போட, நான் நாற்பது படமாவது எடுத்திருப்பேன். ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லாம் கலங்கல். கொலு பொம்மைகள் மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தன. ஆடாமல் நின்றவை அவைதானே! ஃப்ளாஷ் போட்டும் பார்த்தேன். கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவுக்குப் பளிச்சென்ற வெளிச்சம் ஆகாது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தது.

"ஏண்டா, இத்தனை டாலர் குடுத்து வாங்கின கேமராவுல நான் மட்டும் ஆவி மாதிரி இருக்கேனே?" என்றார் அம்மா.

கோளாறு எங்கே?

கேமராவில் கோளாறு இல்லை. நம் வீட்டு மாலை நேர வெளிச்சம் கண்ணுக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. கிட் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டினால் அதன் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எங்கள் ஹாலில் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றியும் ஷட்டர் 1/15 நொடிதான் கிடைத்தது. அந்த நேரத்துக்குள் தாளம் போடும் கை ஒரு சாண் நகர்ந்துவிடும்.

"என் லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே" என்பீர்கள். எனக்கும் இருந்தது. அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். குழந்தை தலையைத் திருப்பினால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆள் அசைவை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும். உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு 1/125, ஓடியாடும் பிள்ளைகளுக்கு 1/250 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. எஃப் 5.6 விடும் வெளிச்சத்தைவிட எஃப் 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு விடும். அதே ஹால், அதே விளக்கு, 1/15 இருந்த இடத்தில் 1/150! புதுக் கேமரா தேவையில்லை, லென்ஸ் மாற்றினால் போதும் என்று புரிந்தது அப்போதுதான்.

ஜூம் ஆகாத, ஒரே தூர அளவு கொண்ட லென்ஸை பிரைம் லென்ஸ் என்பார்கள். எஃப் 1.8 குறைந்த விலைக்குக் கிடைப்பது இந்த வகையில்தான். எஃப் 2.8 ஜூம் லென்ஸ்கள் அருமையானவை. ஆனால் கேமரா நிறுவனங்களே செய்யும் அந்த வகைக்கு ஊருக்குப் போய்வரும் டிக்கெட் விலை ஆகும்.

50-ஆ, 35-ஆ?

கேட்ட எல்லாரும் "50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு" என்றார்கள். நல்லவேளை, வாங்குவதற்கு முன்னால் ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் பழைய 50ஐக் கடன் கொடுத்தார். இரண்டு பாடம் கிடைத்தது.

முதல் பாடம்: அது தானாக ஃபோகஸ் ஆகவில்லை. நிக்கானின் பழைய டி வகை லென்ஸில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பும். என் டி3400 போன்ற ஆரம்ப நிலைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது பாடம்: அம்மாவும் மகளும் சோபாவில் உட்கார்ந்திருந்தால், இரண்டு பேரையும் பிடிக்க நான் சமையல்கட்டுக்குள் பின்வாங்க வேண்டியிருந்தது. எங்களுடையது போன்ற ஏபிஎஸ்-சி கேமராக்களின் சென்சார் சிறியது, 50 மி.மீ. அதில் 75 மி.மீ. மாதிரி இறுக்கிப் பிடிக்கும். ஆறடி மனிதரைத் தலை முதல் கால் வரை எடுக்க 50க்குப் பதின்மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். 35க்கு ஒன்பது அடி போதும். மண்டபத்தில், மேடையில் மகள் ஆடும்போது 50 நல்ல துணை. வீட்டுக்குள் 35தான்.

இதைச் செலவில்லாமல் நீங்களே சோதிக்கலாம். கிட் லென்ஸை ஒரு நாள் மாலை 35இல் வைத்து ஜூம் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். மறுநாள் 50இல் ஒட்டுங்கள். எந்த நாள் சுவரில் அதிகம் முட்டிக்கொண்டீர்கள் என்று பாருங்கள்.

நான் வாங்கியது நிக்கான் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. 2009இல் வந்த லென்ஸ். அறிமுக விலை 200 டாலர். பழையதாக எனக்கு 130 டாலருக்குக் கிடைத்தது. கேனான்காரர்களுக்கு 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் இருக்கிறது; சின்ன அறை என்றால் இஎஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம். துவாரம் கொஞ்சம் சிறிதுதான், ஆனாலும் எஃப் 5.6ஐப் போல நான்கு மடங்கு வெளிச்சம் விடும். மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் மவுன்ட் பொருந்துமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய லென்ஸ் வாங்கினால், திருப்பிக் கொடுக்க நாள் தரும் கடையில் வாங்குங்கள். வந்தவுடன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஒட்டடை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, யோசிக்காமல் திருப்பிவிடுங்கள். இரண்டொரு தூசி இருந்தால் பாதகமில்லை.

வாங்கின பிறகு

எஃப் 1.8இல் நாலைந்து அடி தூரத்தில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஐந்து அங்குலம்தான். பாட்டி தெளிவு, பின்னால் நிற்கும் பேத்தி மங்கல் என்று ஆகும். ஒற்றை முகத்துக்கு எஃப் 2, இரண்டு மூன்று பேருக்கு எஃப் 2.8 வைத்து, எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வையுங்கள். ஃபோகஸ் புள்ளி கிட்டே இருக்கும் கண்ணில் இருக்கட்டும்.

ஐஎஸ்ஓவைக் கண்டு பயப்படாதீர்கள். 3200இல் கொஞ்சம் மணல் தூவின மாதிரி இருக்கும்; பிரிண்ட் போட்டால் அது கண்ணில் படாது. கலங்கின படத்தை எந்த மென்பொருளாலும் முழுசாக மீட்க முடியாது.

சில எல்இடி விளக்குகளில் படத்தில் கோடு கோடாக வரும். மின்சாரத்தோடு சேர்ந்து விளக்கு துடிப்பதுதான் காரணம். அமெரிக்கா, கனடாவில் 1/60 அல்லது 1/125, இங்கிலாந்து, சிங்கப்பூரில் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

"ஃபோனே நன்றாக எடுக்கிறதே?" என்று கேட்கலாம். அசையாமல் உட்கார்ந்தால் எடுக்கும். இரவு நேரத்தில் அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. இடையில் பிள்ளை அசைந்தால் தீற்றல்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அசையாதவர்கள் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கார்த்திகை

லென்ஸ் வந்த பதினைந்தாம் நாள் கார்த்திகை. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே குளிர் என்பதால் அம்மா ஹால் ஜன்னலோரம் அகல் வரிசை வைத்து, பேத்தி கையைப் பிடித்துத் திரியைத் தூண்டக் கற்றுக்கொடுத்தார். மேல்விளக்கை அணைத்துவிட்டு, சமையல்கட்டு விளக்கை மட்டும் விட்டுவைத்தேன். எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/60. மகள் ஏதோ சொல்ல, அம்மா திரும்பிச் சிரித்தார். அந்த ஒரு நொடி விழுந்தது. மூக்குத்தியில் சுடர்கூடத் தெரிந்தது.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார் அம்மா.

"உங்கப்பாவுக்கு இப்படி ஒண்ணு எடுக்காம விட்டுட்டோம்."

கொஞ்ச நேரம் கழித்து, ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியில் புடவை மடிப்புக்குள் அதை வைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னொரு காப்பி பெருசா போட்டு வச்சுக்கோடா. நாளைக்கு ஹால்ல மாட்டணும்னா நீ தேட வேண்டாம் பாரு."

நான் பதில் சொல்லவில்லை. காப்பி போட்டு வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அது என் மேஜை மேல்தான் இருக்கிறது.