தாயம் எப்போ விழும்?

மழை பிடித்துவிட்டால் எங்கள் பூம்பாறையில் பூண்டுக் காட்டுக்குப் போக முடியாது; திண்ணையில் தாயக்கட்டம்தான். "ஏழு தடவை விழலே, எட்டாவது தாயம்தான்டா!" என்று டீக்காசைப் பந்தயம் வைப்பவர் எல்லா ஊரிலும் உண்டு. நண்பர்களே, இந்தப் பந்தயத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றின் நாலு பக்கத்திலும் 0, 1, 2, 3. ஆக 4 × 4 = 16 விதமாக விழலாம். தாயம் என்பது 1. ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் பூஜ்யம் என 2 விதத்தில் மட்டுமே வரும். அதாவது எட்டில் ஒன்று. அதற்காக 'எட்டுப் போட்டா ஒண்ணு நிச்சயம்' என்பது தப்பு. ஒரு தடவை விழாமலிருக்க வாய்ப்பு 7/8. அதையே எட்டு தடவை பெருக்கினால் சுமார் 0.34. மூன்று பேர் எட்டெட்டு தடவை உருட்டினால், சராசரியாக ஒருத்தருக்குத் தாயமே விழாது! ஏழு தடவை விழாத பிறகும் எட்டாவதற்கு அதே 1/8தான். முன்னே விழுந்தது கட்டைக்குத் தெரியவா போகுது?

இன்னொன்று. 2, 3, 4 மூன்றும் சேர்ந்து 16-ல் 10 விதம். மறுபடி உருட்ட விடும் 1, 5, 6, 12 (இரண்டும் பூஜ்யம்) நாலும் சேர்ந்து வெறும் 6. அரிதாய் விழுவதற்குத்தான் பரிசு! விதி வகுத்தவர்கள் விவரமானவர்கள்தான்.

சோழி போட்டு ஆடினால் இந்தக் கணக்கு செல்லாது. குப்புற விழுவதும் மல்லாந்து விழுவதும் சோழிக்குச் சமமில்லை. நூறு தடவை உருட்டி எண்ணித்தான் பார்க்கணும்.