குழந்தைகளின் தமிழ் வாக்கியங்களை இணைப்பது எப்படி?

கொல்கத்தாவில் பிறந்து வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் நன்றாகவே பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் பலருக்குத் தெரியும். ஆனால் ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு நாலு வரி எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "நான் பார்க்குக்குப் போகவில்லை. மழை பெய்தது. அம்மா திட்டினாள். நான் அழுதேன்." இதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா ஏன் திட்டினாள்? அழுதது திட்டியதற்கா, பார்க்குக்குப் போக முடியாமற் போனதற்கா? தாத்தாவுக்குப் புரியாது.

சற்றுப் பெரிய பிள்ளைகள் வேறு மாதிரி எழுதுகிறார்கள். "எப்போது மழை வந்ததோ அப்போது நான் வீட்டுக்கு வந்தேன்." "எந்த மாமா நேற்று வந்தாரோ அந்த மாமா மிட்டாய் கொடுத்தார்." வங்காளத்தின் 'ஜொகோன் – தொகோன்', இந்தியின் 'ஜப் – தப்', பள்ளியில் படிக்கும் ஆங்கிலம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. "மழை வந்தபோது வீட்டுக்கு வந்தேன்", "நேற்று வந்த மாமா மிட்டாய் கொடுத்தார்" என்று சுருக்கமாகச் சொல்லத் தமிழில் வழி இருப்பது அவர்களுக்குப் பழக்கமாகவில்லை.

இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிடக் கூடாது. காரணமும் நிபந்தனையும் சொல்ல வராத மொழியில் "பசிக்கிறது", "தண்ணீர் கொடு" என்பதற்கு மேல் பேச முடியாது. மனத்தில் உள்ளதைச் சொல்லப் பிள்ளை ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே பேச்சு குறைவது அங்கேதான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களை இணைக்கத் தனிச் சொற்கள் உண்டு. தமிழில் பெரும்பாலும் வினைச்சொல்லின் முடிவே இணைப்பு. 'பெய்தது' என்றால் வாக்கியம் முடிந்தது. பெய்து, பெய்ய, பெய்தால், பெய்தாலும், பெய்ததால், பெய்தபோது என்றால் இன்னும் முடியவில்லை, மேலே ஏதோ வருகிறது என்று பொருள்.

ரயில்வேயில் வேலை பார்த்தவனாகையால் பிள்ளைகளுக்கு ரயிலை வைத்தே இதை விளக்குகிறேன். ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் 'எல்.வி.' என்ற எழுத்துகள் கொண்ட பலகை இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் வண்டி முழுதாக வந்து சேர்ந்தது, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷனில் உறுதி செய்துகொள்வார்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்றுதான் அந்தப் பலகை. பெட்டிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். பலகை ஒன்றுதான், அதுவும் கடைசியில்தான். "எழுந்தேன். குளித்தேன். சாப்பிட்டேன்" என்று எழுதினால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பலகை மாட்டியதாகிவிடும். "எழுந்து, குளித்து, சாப்பிட்டேன்" என்பதே முழு வண்டி. இதைச் சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

நம் இலக்கணம் இதை வினையெச்சம் என்கிறது. தொல்காப்பியம் அதற்கு ஒன்பது வாய்பாடுகளையும், பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் பன்னிரண்டையும் கூறுகின்றன. பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் வேண்டாம். ஆனால் தொல்காப்பியர் சொல்லும் ஒரு விதி நமக்குப் பயன்படும். 'செய்து' என்னும் வகையில் இரண்டு செயலையும் செய்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். "நான் ஓடி விழுந்தேன்" சரி. "மழை பெய்து நான் நனைந்தேன்" இடறுகிறது. பெய்தது மழை, நனைந்தது நான். அங்கே "மழை பெய்ததால் நனைந்தேன்" என்று மாற்ற வேண்டும்.

கரியாஹாட் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தெருவில் அவர்கள் பேசும் வங்காளத்திலும் இதே அமைப்பு இருக்கிறது. 'கேயே' என்றால் சாப்பிட்டு; 'கேலே' என்றால் சாப்பிட்டால். "பிருஷ்டி ஹோலே ஜாபோ நா" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே "மழை பெய்தால் போகமாட்டேன்" என்று நல்ல தமிழ் வந்துவிடும். 'சொல்லி' என்று பொருள்படும் 'போலே' அங்கே காரணம் காட்டவும் வருகிறது. 'சொல்' என்று பொருள்படும் 'என்' என்பதிலிருந்து வந்த நம் 'என்று' போலத்தான். "மழை பெய்கிறதென்று போகவில்லை" என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

இந்த ஒற்றுமை அறிஞர்கள் கவனித்ததுதான். கரியாஹாட்டை அடுத்த ஹிந்துஸ்தான் பார்க்கில் 'சுதர்மா' என்ற வீட்டில் வாழ்ந்த சுநீதி குமார் சட்டர்ஜி, 1926இல் வெளியான தம் வங்க மொழி வரலாற்று நூலில் திராவிட மொழிகளின் செல்வாக்கைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எனவே வங்காளம் கலந்துவிடும் என்று பயப்படுவதைவிட அதையே ஏணியாகக் கொள்வது நல்லது.

இனிப் பயிற்சி முறை. வாரம் ஒரு படி போதும்.

முதல் படி, 'செய்து'. மூன்று சின்ன வாக்கியங்களைத் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். கடைசித் துண்டைத் தவிர மற்றவற்றின் முடிவைப் பிள்ளையையே மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி, காரணம். "பஸ் வரவில்லை. நடந்து வந்தேன்" என்பதை "பஸ் வராததால் நடந்து வந்தேன்" என்று ஆக்கட்டும். 'ஏனென்றால்' என்பது தவறல்ல. ஆனால் எல்லா இடத்திலும் அதுவே வந்தால் வாசிக்க அலுப்பாக இருக்கும்.

மூன்றாம் படி, 'ஆல்', 'ஆலும்'. "மழை பெய்தால் போகமாட்டேன்", "மழை பெய்தாலும் போவேன்." ஓர் 'உம்' சேர்ந்ததும் பொருள் தலைகீழாவதைப் பிள்ளைகள் விளையாட்டாகவே ரசிக்கிறார்கள்.

நான்காம் படி, காலம். வந்தபோது, வந்த பிறகு, வருவதற்கு முன். இதில் 'வந்த முன்' என்று எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. 'முன்' என்று வந்தால் 'வருவதற்கு' என்று சேர்த்தே பழக்குங்கள்.

ஐந்தாம் படி, 'என்று'. அம்மா சொன்னது, தான் நினைத்தது, பயந்தது எல்லாவற்றையும் இதில் கோக்கலாம்.

ஒவ்வொரு படியிலும் முதலில் வாயால் சொல்ல வேண்டும். பிறகே எழுத வேண்டும். இலக்கணப் பெயர் சொல்லாமலே இப்படிச் சிறு வாக்கியங்களை இணைக்கவைக்கும் முறையை அமெரிக்காவில் பிராங்க் ஓ'ஹேர் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் சோதித்து, அவர்களின் எழுத்து மேம்பட்டதாக 1973இல் வெளியிட்டார். அது ஆங்கிலத்துக்குச் செய்த சோதனை. இணைப்பு வினையிலேயே இருக்கும் தமிழுக்கும் அந்த முறை நன்றாகப் பொருந்துவதை நம் குடியிருப்புப் பிள்ளைகளிடம் பார்க்கிறேன்.

பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. பிள்ளை எழுதியதைச் சிவப்பு மையால் நிரப்பாதீர்கள். அந்த வாரத்துப் படியை மட்டும் திருத்துங்கள். அதைவிட முக்கியம், வீட்டில் நாம் பேசுவது. "குளி. சாப்பிடு. படி" என்று கட்டளைகளையே கேட்டு வளரும் பிள்ளை துண்டு துண்டாகத்தான் எழுதும். "குளித்துவிட்டு வந்தால் சூடாகத் தோசை தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தோசையோடு இலக்கணமும் உள்ளே போகும். அடுத்த கடிதத்தில் தாத்தாவுக்கு, "மழை பெய்யும்போது பார்க்குக்குப் போவேன் என்று அடம் பிடித்ததால் அம்மா திட்டினாள், அதனால் அழுதேன்" என்று ஒரே மூச்சில் எழுதுவான் பேரன். தாத்தாவும் அதற்குத் தகுந்த பதில் எழுதுவார்.