அடுத்த வாரம் சம்பளம்!

‘கஷ்ட காலத்தில் கம்பெனியை விட்டு ஓடுகிறவன் மனுஷனா?’

இந்த வசனத்தை எனக்கு நானே மூணு மாசம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மூணு மாசமும் எனக்கு ஒழுங்காகச் சம்பளம் வரவில்லை என்பதுதான் இதில் விசேஷம்!

சொந்த ஊர் திருவட்டாறு. 418 வருஷத்துக்கு அப்புறம் 2022-ல் ஆதிகேசவப் பெருமாளுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததே, அதே ஊர்தான். “உங்க ஊர்ப் பெருமாள் 418 வருஷம் பொறுமையாப் படுத்திருந்தார். நீ ரெண்டு மாசம் பொறுக்க மாட்டியா?” என்று ரூம்மேட் கிண்டலடிப்பான்.

வேலை பார்த்தது திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், ஒரு குட்டி ஸ்டார்ட்-அப் கம்பெனியில். மொத்தம் 26 பேர். எனக்கு மாசம் 32 ஆயிரம். முதலாளிக்கு என்னைவிட நாலு வயசுதான் அதிகம். ‘சார்’ என்றால் கோபம் வரும். ‘சேட்டா’ என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு தடவை தன் காரை விற்று எங்களுக்குச் சம்பளம் போட்டவர். சிக்கலே அங்கேதான். ஆள் கெட்டவராக இருந்திருந்தால் மறுநாளே பெட்டியைக் கட்டியிருப்பேன்!

2023-ல் ஒரு மாசம், ஒண்ணாம் தேதிச் சம்பளம் பத்தாம் தேதி வந்தது. அடுத்த மாசம் பாதிதான் வந்தது. மூணாவது மாசம் மீட்டிங் மட்டும் நடந்தது. “இன்வெஸ்டர் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். அடுத்த வாரம் சம்பளம்!” என்றார் சேட்டா. எல்லோரும் கைதட்டினோம். டீயோடு வழக்கமாக வரும் பிஸ்கட் அன்றைக்கு வரவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கைதட்டியதற்குக் காரணம் இருந்தது. 2010-ல் சென்னையில் ஆரம்பித்த ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. கையில் இருந்த பங்குகளால் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். சேட்டா எங்களுக்கும் பங்கு தருவதாக ஒரு கடிதம் கொடுத்திருந்தார். நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். முதல் வருஷம் முடிவதற்குள் போனால் சைபர். அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பார்த்தே பட்டினி கிடந்தேன்.

அதே திருவனந்தபுரத்தில் நடந்த இன்னொரு கதை மட்டும் கண்ணில் படவே இல்லை. 2022-ல் பைஜூஸ் கம்பெனியின் மதிப்பு 2,200 கோடி டாலர். அதே வருஷம் அக்டோபரில் அதன் திருவனந்தபுரம் ஊழியர்கள், ‘எங்களைக் கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்குகிறார்கள்’ என்று கேரள அமைச்சரிடம் போய் நின்றார்கள். விஷயம் முதலமைச்சர் வரை போய், அங்கே ஆபீஸ் தொடரும் என்று கம்பெனி அறிவித்தது. 2024 ஜூலையில் அந்தக் கம்பெனியின் மேலேயே திவால் நடவடிக்கைக்கு உத்தரவானது. யானைக்கே அந்தக் கதி என்றால், 26 பேர் இருக்கிற எங்கள் எலிக்குஞ்சு எந்த மூலைக்கு?

பாஸ்புக் சொன்ன உண்மை

ரூம் வாடகைக்காக அம்மாவின் செயின் மார்த்தாண்டத்தில் அடகுக்குப் போன வாரம், ராத்திரி தூக்கம் வராமல் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். சம்பளச் சீட்டில் மாசாமாசம் பிடித்தம் இருக்கிறது. பாஸ்புக்கில் அஞ்சு மாசமாக ஒரு பைசா ஏறவில்லை! பிடித்த பணத்தை அடுத்த மாசம் 15-ம் தேதிக்குள் கம்பெனி கட்டியாக வேண்டும் என்பது சட்டம். அதாவது, சம்பளம் தள்ளிப்போவதற்கு முன்பே எங்கள் பணத்தில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை தம்பானூரில் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். பாட்டா வெயிலில் ரப்பர் ஷீட்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன மக்களே, மொகம் வாடிக் கெடக்கு?”

“சம்பளம் கெடைக்கல்ல பாட்டா. ஆனா மொதலாளி ரொம்ப நல்ல மனுசன்.”

“மரம் நல்ல மரந்தான், பாலில்லயே மக்களே! பாலு வத்துன மரத்த நாங்க ஒடனே முறிக்க மாட்டோம். கொஞ்ச மாசம் வெட்டாம ஆறப் போடுவோம். பெறவு கத்தி வச்சுப் பாப்போம். அப்பளும் வரல்லன்னா, அதுல தெனமும் செரட்டையக் கெட்டிட்டு நிக்கது மரத்துக்க குத்தமா, ஒனக்க குத்தமா?”

நான் பேசாமல் இருந்தேன்.

“ஒண்ணு கேட்டுக்கோ. புதுசா நட்டா பாலுக்கு ஏழு வருசம் ஆவும். அதுவரை என்னத்தத் திங்கதுன்னு கணக்குப் போட்டுட்டுத்தான் பழைய மரத்துல கோடாலி வைப்போம்.”

தேதியைக் குறி!

அன்று ராத்திரியே காலண்டரில் 30 நாள் தள்ளி ஒரு தேதியை வட்டம் போட்டேன். அதற்குள் முழுச் சம்பளம் வந்து, பி.எஃப். கட்டினால் இருப்பது. இல்லாவிட்டால் கிளம்புவது. அந்த 30 நாளும் வேறு வேலை தேடினேன். சம்பளச் சீட்டு, வேலை உத்தரவு, பாக்கி பற்றிய கடிதங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்தேன்.

தேதி வந்தது. சம்பளம் வரவில்லை. ராஜினாமாவை நீட்டியபோது கை நடுங்கியது. சேட்டா படித்துவிட்டு, “நீ இதை ரெண்டு மாசம் முன்னாடியே கொடுத்திருக்கணும்” என்றார். நான் யாருக்காகத் தயங்கினேனோ, அவரே!

அஞ்சு மாசத்தில் கம்பெனி மூடியது. புகார் கொடுத்த பிறகு பி.எஃப். பணம் ஏறியது. சம்பள பாக்கி 80 ஆயிரம் போனது போனதுதான். ‘கம்பெனி மூடினால் கேஸ் போட்டு வாங்கலாம்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: கலைக்கப்படும் கம்பெனியில் தொழிலாளிக்கு 24 மாசச் சம்பளத்துக்கும், மற்ற ஊழியருக்கு 12 மாசத்துக்கும் 2016 திவால் சட்டம் வரிசையில் இடம் தருகிறது. ஆனால், வரிசையில் இடம் இருப்பது வேறு, கவுன்ட்டரில் பணம் இருப்பது வேறு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. அதைக் கலைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 நவம்பரில்!

தம்பிமார்களே, தாமதமாகும் ஒரு சம்பளத்தைப் பொறுங்கள்; தப்பில்லை. ஆனால் பொறுமைக்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள். அதையும் கையில் நாலு காசு இருக்கும்போதே வையுங்கள். காசு தீர்ந்த பிறகு நம்மால் முடிவெடுக்க முடிவதில்லை, கெஞ்சத்தான் முடிகிறது.

இப்போது நாகர்கோவிலில் வேலை. சம்பளம் 28 ஆயிரம். “நாலாயிரம் கொறைவாச்சே!” என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: “ஆனா, வருதே சார்!”

அம்மாவின் செயினும் திரும்பி வந்துவிட்டது.