ஆலோசனை ரசீதும் குறுக்கு விசாரணையும்

“நீங்கள் மனநல சிகிச்சை பெற்றது உண்மையா, இல்லையா?”

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நடந்த ஒரு வழக்கில், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தொடுத்த முதல் கேள்வி இது. சாட்சிக் கூண்டில் நின்றவர் ஆம்பூர் வட்டாரத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் பெண். சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டு, தாக்கப்பட்டு, புகார் கொடுத்தவர். சம்பவத்துக்குப் பின் பல மாதங்கள் தூக்கமின்றித் தவித்து, வேலூரில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் சென்றுவந்தார். ஒரு முறை செல்வதற்கான கட்டணம் அவருடைய இரண்டு நாள் கூலியை விட அதிகம். ஐந்தாவது முறைக்குக் கம்மலை அடகு வைத்தார். ஆறாவது முறை செல்லவில்லை.

அந்தச் செலவை ஈடுசெய்யக் கோரி மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுத்தோம். ரசீதுகளோடு, ஆலோசகர் எழுதிய மூன்று பக்கக் குறிப்பையும் இணைத்தோம். அங்கிருந்து மனு விசாரணை அதிகாரிக்குச் சென்றது. அவர் அதை வழக்கு ஆவணங்களோடு சேர்த்தார். நகல்கள் சட்டப்படி எதிர்த்தரப்பின் கைக்குப் போயின. தன் திருமண வாழ்வு குறித்தும், இளமையில் தான் செய்துகொள்ள முயன்ற தற்கொலை குறித்தும் மூடிய அறைக்குள் அவர் சொன்னவை, திறந்த நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. அந்தக் குறிப்பை இணைத்தது நான்தான். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். இதை எழுதுவதற்கு அவருடைய ஒப்புதலும் பெற்றிருக்கிறேன்.)

சிகிச்சைக்குப் பணம் தேடும் ஒவ்வொரு வழியிலும் ஒரு காகிதம் கேட்கப்படுகிறது. அந்தக் காகிதத்தில் நம் ரகசியத்தில் எவ்வளவு எழுதப்பட வேண்டும் என்பதைத்தான் இக்கட்டுரை பேசுகிறது.

முதலில் காப்பீடு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மன நோய்க்கும் தரப்பட வேண்டும் என்கிறது அதன் 21(4) பிரிவு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் எல்லா நிறுவனங்களுக்கும் இதை அறிவுறுத்தியது. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், மனநோய் சிகிச்சைச் செலவைத் தர மறுத்த ஒரு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பும் அளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஜோடிக்குச் சில ரூபாய்க் கூலிக்கு ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்ணிடம் எந்தப் பாலிசி இருக்கிறது? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பல வீடுகளில் உண்டு. அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சையை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. வாரம் ஒரு மணி நேரம் ஒருவரிடம் பேசுவதற்கு அதில் இடமில்லை.

அடுத்தது இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இது பொருந்தும். தொழிலாளியின் ஊதியத்தில் 0.75 விழுக்காடும் முதலாளியிடமிருந்து 3.25 விழுக்காடும் பெறப்படுகின்றன. மனநல மருத்துவமும் இதன் பயன்களில் அடங்கும். தீவிர மனநோய், நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் பெறும் நீண்டகால நோய்களின் பட்டியலில் உள்ளது. தகுதியுள்ளவர் இரண்டு ஆண்டுகள் வரை 80 விழுக்காடு ஊதியத்தைப் பெற முடியும். தோழர்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. மருந்தக வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர் அதே லைனில் வேலை செய்பவர். பின்னால் நிற்பவர் சூப்பர்வைசரின் உறவினர். விடுப்புக்காகச் சான்றிதழின் நகலைக் கம்பெனியில் கொடுத்தால், அதில் நோயின் பெயர் எழுதியிருந்தால், அன்று மாலை கம்பெனி பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் செய்தியும் வந்து சேர்ந்துவிடும். ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே கம்பெனியில் இறங்குபவர்களுக்கு அந்தரங்கம் என்பது இட நெருக்கடியின் பிரச்சினையாகவும் இருக்கிறது. நகரத்து உளவியல் நூல்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இதில் சாதி இன்னொரு சுமையைச் சேர்க்கிறது. சுண்ணாம்புக் குழியிலும் பச்சைத்தோல் பிரிவிலும் யார் வேலை செய்கிறார்கள் என்பது இப்பகுதியில் எல்லோரும் அறிந்தது. ‘தோல் வேலை செய்பவன்’, ‘சேரிக்காரன்’ என்ற வசைகளைச் சுமப்பவர் மீது ‘பைத்தியம்’ என்ற மூன்றாவது வசையும் ஏறும்போது, அவருடைய புகாருக்கான மதிப்பே போய்விடுகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் கேள்வியை முதலில் வைத்ததன் காரணம் இதுதான்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒருவருக்கு மனநோய் உண்டு என்று கண்டறியப்பட்டதாலேயே அவர் சித்த சுவாதீனம் அற்றவர் என்று பொருள்கொள்ளக் கூடாது; தகுதியுள்ள நீதிமன்றம் அவ்வாறு அறிவித்திருந்தால்தான் கொள்ளலாம் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3(5) பிரிவு. சாட்சியச் சட்டப்படி, கேள்வியைப் புரிந்துகொண்டு பகுத்தறிவோடு பதில் சொல்ல முடிந்த எவரும் சாட்சி சொல்லலாம். மனநோய் ஒன்றே ஒருவரைத் தகுதியற்றவராக்கிவிடாது. இழிவுபடுத்தும் நோக்கில் கேட்கப்படும் கேள்விகளை நீதிமன்றம் தடுக்கலாம். தற்கொலை முயற்சியைக் கிளறினால், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்ற 115-ஆம் பிரிவைக் காட்டலாம். அன்று சிறப்பு அரசு வழக்கறிஞருக்குத் துணையாக அமர்ந்திருந்த என்னிடம் இந்தப் பிரிவுகள் தயாராக இல்லை. அடுத்த வாய்தாவில்தான் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்தோம். வாசிக்கப்பட்டது வாசிக்கப்பட்டதுதான்.

பணத்துக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இல் 11(7) என்றொரு உட்பிரிவு உண்டு. பாதிக்கப்பட்டவருக்கான மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, ரத்தம் ஏற்றுதல், உடை, உணவு ஆகியவற்றின் செலவை மாவட்ட ஆட்சியரோ கோட்ட அளவிலான நடுவரோ ஈடுசெய்ய வேண்டும் என்கிறது அது. தீருதவித் தொகைக்காகப் போராடும் நாம் இந்த வரியைத் தாண்டிச் சென்றுவிடுகிறோம். ‘சிறப்பு மருத்துவ ஆலோசனை’ என்பதில் மனநல ஆலோசனை அடங்காது என்று விதியில் எங்கும் சொல்லப்படவில்லை. அடங்கும் என்பதே என் வாதம். உடலையும் மனத்தையும் சமமாக நடத்தச் சொல்லும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் துணை நிற்கிறது. சட்டத்தின் 15அ பிரிவு, விசாரணைக் காலத்தில் பாதிக்கப்பட்டவரின் சமூக, பொருளாதார மறுவாழ்வையும் அரசின் கடமையாக்குகிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்களில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அதே பிரிவு சிறப்பு நீதிமன்றத்துக்குத் தருகிறது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் வழக்கென்றால் வழி இன்னும் தெளிவு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, இழப்பீட்டைக் கணக்கிடும்போது மனநல சிகிச்சைக்கு ஆன செலவையும் பார்க்க வேண்டும் என்று நேரடியாகவே கூறுகிறது. 16-ஆம் பிரிவு புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பெண்களே பெரும்பான்மையாக இருக்கும் ஷூ தொழிலில் இந்த இரண்டு பிரிவுகளும் ஒவ்வொரு சங்க அலுவலகத்தின் சுவரிலும் ஒட்டப்பட வேண்டியவை.

வழக்கே இல்லாதவர் என்ன செய்வது? வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்பவருக்கு, அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் நிலையங்களில் மனநல சிகிச்சை கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்கிறது 18(7). அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார்கள். எந்த நாள் என்பதைக் கேட்டறிய வேண்டும். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950-களிலிருந்து இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவரும் தங்கியிருக்கும் முறையை முன்னெடுத்த இடம் அது. மருத்துவ நோக்கில் அது சிறந்த முறைதான். ஆனால் நாள்கூலிக் குடும்பத்துக்கு அது இரண்டு கூலி இழப்பு. எனவே அங்கே செல்வோர் முதல் நாளே மருத்துவ சமூகப் பணியாளரைச் சந்தித்துக் கட்டணச் சலுகை பற்றிக் கேட்பது நல்லது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 14416 என்ற தொலைபேசிச் சேவை இலவசம். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஓர் அறை வீட்டில் வாழ்பவர் எங்கே நின்று பேசுவார் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். என் கட்சிக்காரர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பேசியதாகச் சொன்னார்.

18(5) பிரிவில் இன்னும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சட்டம் வரையறுக்கும் குறைந்தபட்ச மனநலச் சேவைகள் ஒருவர் வசிக்கும் மாவட்டத்தில் இல்லையென்றால், அந்த மாவட்டத்திலேயே வேறெந்த மனநல நிலையத்திலும் அவர் சிகிச்சை பெறலாம். செலவை அரசு ஏற்க வேண்டும். வேலூர் மாவட்டம் 2019 நவம்பரில் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. அடுக்கம்பாறையும் பாகாயமும் இப்போது அவர்களுக்குப் பக்கத்து மாவட்டம். புதிய மாவட்டத்தில் எந்தெந்தச் சேவைகள் உள்ளன, எவை இல்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போட்டாலே இந்தப் பிரிவைப் பயன்படுத்துவதற்கான முதல் அடி வைக்கப்பட்டுவிடும். சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒரு பருவ விடுமுறையில் செய்துமுடிக்கக்கூடிய வேலை இது.

ரகசியம் குறித்த சட்டம் உறுதியானது, ஆனால் முழுமையானதல்ல. சிகிச்சை தருவோர் அனைவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது 23-ஆம் பிரிவு. கணினியில் உள்ள பதிவுகளுக்கும் இது பொருந்தும். பிறருக்கு ஆபத்து, உயிருக்கு அச்சுறுத்தல், பொதுப் பாதுகாப்பு, மறுஆய்வு வாரியம் அல்லது உயர் நீதிமன்றம் போன்றவற்றின் உத்தரவு ஆகியவை விதிவிலக்குகள். முதலாளியின் விருப்பமும் ஊர்ப் பெரியவரின் விசாரிப்பும் இந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். ஆனால் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடச் சொல்லி வற்புறுத்த முடியாது என்று சாட்சியச் சட்டம் தரும் சலுகை மருத்துவருக்கு இல்லை. நீதிபதி உத்தரவிட்டால் மருத்துவர் பேசித்தான் ஆக வேண்டும். ஆகவே ஆலோசனை அறைக்குள் சொல்லப்பட்டது ஒருநாளும் வெளியே வராது என்று கட்சிக்காரருக்கு நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. ஈட்டுத்தொகை மனுவோடு ரசீதும், ‘இந்தத் தேதிகளில் ஆலோசனை பெற்றார், சம்பவத்தின் விளைவாக இது தேவைப்பட்டது’ என்ற இரண்டு வரிச் சான்றும் மட்டுமே போகும். குறிப்புகள் போகாது. அதிகாரி கூடுதல் ஆவணம் கேட்டால், எந்த விதியின் கீழ் கேட்கிறார் என்று எழுத்தில் தரச் சொல்வோம். விடுப்புச் சான்றிதழ் கேட்கும்போது, கம்பெனிக்குக் கொடுக்க நோயின் பெயர் இல்லாத ஒன்றை மருத்துவரிடம் தனியாகக் கேட்கச் சொல்கிறேன். தன் மருத்துவப் பதிவுகளைப் பெற நோயாளிக்கு 25-ஆம் பிரிவு உரிமை தருகிறது. முதலில் அவரே அதை வாசிக்கட்டும். எது வெளியே போகலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். இதற்கெல்லாம் வழக்கறிஞர் கட்டணம் வேண்டியதில்லை. பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

நம் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மை அறியும் குழுவாக ஊருக்குள் போகிறோம். பாதிக்கப்பட்டவர் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் படத்தை எடுக்கிறோம். ‘மன உளைச்சலால் சிகிச்சை பெற்று வருகிறார்’ என்று அறிக்கையில் எழுதி, அன்றிரவே முகநூலில் ஏற்றுகிறோம். மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவருடைய ஒப்புதலின்றி ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. நம் நோக்கம் நல்லது என்பதற்காக அது நமக்கு விலக்கு அளிக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போதும், வேறு கம்பெனியில் வேலை கேட்கும்போதும் அந்தப் பதிவு அப்படியே இருக்கும்.

என் கட்சிக்காரரின் மனு இன்னும் நிலுவையில் உள்ளது. குறிப்பைத் திரும்பப் பெற்று, ரசீதுகளோடு புதிய மனு கொடுத்திருக்கிறோம். அவர் இப்போது அரசு மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறார். போகும் நாளில் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். கம்பெனியில் என்ன காரணம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “பல் வலின்னு சொல்றேன் மேடம், யாரும் மேல கேக்கறதில்ல” என்றார்.