திரும்பி வரும் வீட்டைத் திருத்துதல்: எதை முதலில், எதைப் பிறகு?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள சொந்த வீட்டுக்குத் திரும்ப நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த வீடு பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்திருக்கலாம். வேறு ஆட்கள் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். 1983 ஆடிக் கலவரத்தில் எரிந்து, அரைகுறையாகத் திருத்தப்பட்ட வீடாகவும் இருக்கலாம். எந்த வீடானாலும் ஒரு விடயம் பொதுவானது. நகை விற்ற காசோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய காசோ, உதவித் தொகையோ, திருத்த வேலைக்கென்று உங்கள் கையில் உள்ள பணம் பெரும்பாலும் ஒரு தடவைதான் கிடைக்கும். அது பாதி வழியில் முடிந்துவிட்டால், ஒரு பக்கம் வாடகையும் மறு பக்கம் முடியாத வீடுமாகக் குடும்பம் அகப்பட்டுக்கொள்ளும்.

ஆகவே முழு வீட்டையும் ஒரே மூச்சில் புதிதாக்க நினைக்க வேண்டாம். நனையாத ஓர் அறை, ஒரு மலசலகூடம், ஒரு தண்ணீர்க் குழாய், பாதுகாப்பான மின்சாரம் ஆகியவற்றை முதலில் முடித்துக் குடியேறுங்கள். மிகுதியைக் குடியிருந்துகொண்டே செய்யலாம்.

1. முதலில் பத்திரங்கள்

மேசனைத் தேடுவதற்கு முன் உறுதியைத் தேடுங்கள். மூல உறுதி தொலைந்திருந்தால் கொழும்புக் காணிப் பதிவகத்தில் அதன் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அதே வேளை, பதிவேட்டில் உங்கள் காணிக்குரிய பக்கத்தையும் பார்வையிடுங்கள். நீங்கள் அறியாத விற்பனை, ஈடு, வழக்குப் பதிவு ஏதும் உள்ளதா என்பது அதில் தெரியும்.

1983 இல் பாதிக்கப்பட்ட ஆதனங்கள் அவசரகால விதிகளின் கீழ் அரசின் உரித்தாக்கப்பட்டன. அவற்றைப் பொறுப்பேற்க அமைக்கப்பட்டதே ‘றெப்பியா’ என்று எல்லோரும் அழைத்த அதிகார சபை. உரிமையாளர்கள் அதனிடம் விண்ணப்பித்தே தங்கள் ஆதனத்தை விடுவித்துக்கொண்டார்கள். உங்கள் வீடும் அப்படிப்பட்டதாயின், விடுவிப்புக் கடிதம் பழைய கோப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அதிகார சபையின் பணிகள் இன்று 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீடுகளுக்கான அலுவலகத்திடம் உள்ளன.

வீட்டில் இப்போது வேறொருவர் குடியிருந்தால், திருத்த வேலைக்கு ஒரு ரூபாவும் செலவிடாதீர்கள். வாடகைக்கு இருப்பவருக்கு 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் பாதுகாப்புத் தரலாம். உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருடம் தடையின்றி ஆட்சி செய்தவர் 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமை கோரலாம். போர்க் காலத்தில் இடம்பெயர்ந்தோருக்காக 2016 இல் விசேட சட்டம் ஒன்றும் வந்தது. உங்கள் விடயத்தில் எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி ஒருவரே சொல்ல வேண்டும். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். ஆட்களை அழைத்துப் போய் வெளியேற்ற முயல வேண்டாம். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கவும் வேண்டாம். அது வழக்கை உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடும்.

நிலுவையிலுள்ள சோலை வரி, தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம் மூன்றையும் கேட்டு அறியுங்கள். இவை உங்கள் திட்டச் செலவின் முதல் வரிகள்.

2. வீட்டைப் பார்க்கும் நாள்

பகலில், குறைந்தது இருவராகப் போங்கள். கூரை, மேல்மாடி, மாடிப்படி ஆகியவற்றை ஒருவர் கீழிருந்து பார்த்துச் சொல்லாமல் மற்றவர் ஏறக்கூடாது. உள்ளே எந்த மின்சுவிட்சையும் போட வேண்டாம். ஒவ்வோர் அறையையும் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். கண்டதை ஒரு கொப்பியில் அறை அறையாக எழுதுங்கள்.

கூரை: ஓடுகளை விட அவற்றைத் தாங்கும் மரங்களே முக்கியம். தீராந்தியையும் சிலாகைகளையும் கூரிய கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி எளிதாக உள்ளே போனால் கறையான் தின்றுவிட்டது என்று பொருள். அஸ்பெஸ்டஸ் தகடுகளை உடைக்கவோ, உலர்ந்த நிலையில் அறுக்கவோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். பிள்ளைகள் அருகில் இருக்கக்கூடாது.

கொங்கிறீற்: வெள்ளவத்தையில் கடற்கரையை அண்டிய ஒழுங்கைகளில் உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்து, கொங்கிறீற்றை வெடிக்கவைக்கும். தூணிலோ தட்டின் அடியிலோ நீளவாக்கில் வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரிந்தால், சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். வெறுமையான சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சுப் பூசி மறைப்பதால் பயனில்லை.

தீப்பட்ட பகுதி: சுமார் 300 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறிய கொங்கிறீற் பல வேளைகளில் இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். அந்த அளவிலிருந்து அதன் வலிமையும் குறைகிறது. வளைந்த இரும்புத் தீராந்தியும் அப்படியே. வருடங்கள் கடந்தும் நிற்கிறதே என்று நம்பி அதன் மேல் புதிய பாரம் ஏற்ற வேண்டாம். இப்படிப்பட்ட வீட்டுக்குக் கட்டடப் பொறியியலாளர் ஒருவரின் ஒரு நாள் கட்டணம் வீண்செலவல்ல.

பொதுச் சுவர்: கொட்டாஞ்சேனையின் தொடர் வீடுகளில் ஒரே சுவர் இரண்டு வீட்டுக்கும் தோள் கொடுக்கிறது. அதை இடிப்பதற்கோ அதில் தீராந்தி ஏற்றுவதற்கோ முன் அயல் வீட்டாரிடம் பேசி எழுத்தில் சம்மதம் பெறுங்கள். அவர்கள் பக்கத்து வெடிப்புகளையும் அவர்கள் முன்னிலையில் படமெடுத்து வைத்தால் பின்னர் சண்டை வராது.

தேங்கிய தண்ணீர்: பழைய தொட்டி, அடைபட்ட பீலி, மூடாத கிணறு எல்லாம் டெங்கு நுளம்பின் இருப்பிடம். சுத்தம் செய்யும் முதல் நாளே இவற்றை வெறுமையாக்குங்கள் அல்லது மூடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பொறுப்பு உரிமையாளருடையது.

3. அனுமதி எதற்குத் தேவை?

ஓடு மாற்றுதல், பூச்சு, வர்ணம், கதவு யன்னல் திருத்தம் போன்ற பழுதுபார்ப்புகள் வேறு. சுவரை இடித்தல், புதிய அறை, மேல்மாடி, வீட்டின் அமைப்பை மாற்றுதல் போன்றவை வேறு. இரண்டாவது வகைக்கு, நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழான அபிவிருத்தி அனுமதிப் பத்திரத்தைக் கொழும்பு மாநகர சபையில் பெற வேண்டும். உங்கள் வேலை எந்த வகை என்பதில் ஐயமிருந்தால் மாநகர சபையில் முதலே கேளுங்கள். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெறவும் மறக்க வேண்டாம். பின்னர் வங்கிக் கடனுக்கும் விற்பனைக்கும் அது கேட்கப்படும்.

முன்பக்கத்தில் எதையும் கட்டுவதற்கு முன் வீதிக் கோட்டுச் சான்றிதழ் எடுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் வீதி அகலிப்புக்காக உங்கள் முற்றத்தில் கோடு விழுந்திருக்கலாம்.

4. எந்த மாதத்தில் தொடங்குவது?

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை. கொழும்பில் கூரையைத் திறக்க ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. பத்திரங்களும் அனுமதியும் மாதக் கணக்கில் எடுக்கும் என்பதால், தைக்குப் பின் கூரை வேலை செய்ய வேண்டுமானால் ஆடி, ஆவணியிலேயே அலுவலகங்களுக்கு நடக்கத் தொடங்குங்கள்.

5. வேலையின் ஒழுங்கு

1. கூரையும் பீலியும். மேலிருந்து வரும் தண்ணீர் நின்றால்தான் கீழே செய்வது நிலைக்கும்.

2. தாங்கும் சுவர், தூண், தட்டு.

3. கழிவுநீர். இப்பகுதிகளின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி நூறு வருடப் பழமை கொண்டது. உங்கள் வீட்டிலிருந்து வீதிக்குப் போகும் குழாய் அடைபட்டோ உடைந்தோ இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தரைக்கு மாபிள் பதித்த பின் இதைக் கண்டுபிடித்தால் மாபிளைத்தான் உடைக்க வேண்டும்.

4. தண்ணீர்க் குழாயும் மின்வயரும். பழைய இரும்புக் குழாயை ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள். பழைய வயரில் நில இணைப்பு இல்லாதிருக்கலாம். முழு வீட்டுக்கும் வயர் மாற்றப் பணம் போதாவிட்டால், குடியேறும் அறைக்கும் குசினிக்கும் மட்டும் புதிய வயரும் ட்ரிப் சுவிட்சும் போட்டு, மற்றப் பகுதியை முற்றாகத் துண்டித்து வையுங்கள்.

5. பூச்சு. பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. அந்தச் சுவருக்குக் கெட்டியான சீமெந்துப் பூச்சுப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சே உரியும். ஈரம் காய விட்டு, சுண்ணாம்பு கலந்த சாந்தையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

6. தரை, கதவு, வர்ணம். இவை கடைசி. கண்ணுக்கு அழகானவை இவைதான் என்பதால் எல்லோரும் இங்கேதான் தொடங்க ஆசைப்படுவார்கள்.

முதல் நான்கும் ஒரு பக்கத்தில் முடிந்ததும் அந்தப் பக்கத்தில் குடியேறலாம். வாடகை நின்ற பிறகு அந்தக் காசே அடுத்த அறைக்கு உதவும்.

6. பணமும் கொந்தராத்தும்

கொப்பியில் எழுதியதை வேலைப் பட்டியலாக்கி, ஒரே பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். பட்டியல் வேறானால் விலையை ஒப்பிட முடியாது. மிகக் குறைந்த விலை சொன்னவர் எதை விட்டுவிட்டார் என்று பாருங்கள்.

மொத்தப் பணத்தில் நூற்றுக்குப் பதினைந்தை ஒதுக்கி வையுங்கள். இருபது இலட்சம் இருந்தால் பதினேழு இலட்சத்துக்கே திட்டமிடுங்கள். பழைய வீட்டில் சுவரைத் திறந்தால் எதிர்பாராத ஒன்று நிச்சயம் வெளியே வரும்.

கொந்தராத்து எழுத்தில் இருக்கட்டும். என்ன வேலை, யாருடைய பொருள், எத்தனை நாள், எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்பவை அதில் இருக்க வேண்டும். முற்பணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கடைசிப் பத்தில் ஒரு பங்கை, ஒரு பெருமழை பெய்து கூரை ஒழுகவில்லை என்று கண்ட பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் கையொப்பம் வாங்குங்கள். உறவினரே வேலையை எடுத்தாலும் இதுவே முறை. எழுத்து இருந்தால் உறவும் மிஞ்சும்.

சீமெந்தை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். கடற்காற்றில் அது விரைவில் கட்டிப்படும். இரண்டு மூன்று கிழமைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள். கழுவாத கடல் மணலை எந்த விலைக்கும் ஏற்க வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்னும்.

7. குடியேறுவதற்கு முன்

கூரை ஒழுகவில்லை. மலசலகூடத்தில் ஊற்றிய தண்ணீர் தடையின்றிப் போகிறது. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறது. குடிநீரைக் கொதிக்கவைக்க ஓர் அடுப்பு இருக்கிறது. வாசற்கதவு உள்ளிருந்து பூட்டுகிறது. இந்த ஐந்தும் சரியென்றால், சுவர் வெறுமையாக இருந்தாலும் பாலைக் காய்ச்சிக் குடியேறுங்கள். அடுத்த நாளே கிராம உத்தியோகத்தரிடம் போய் உங்கள் குடும்பத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாக்காளர் இடாப்புக்கும் பிள்ளைகளின் பாடசாலை அனுமதிக்கும் அந்த முகவரிப் பதிவு தேவைப்படும். வர்ணம் அடுத்த வருடம் பூசலாம்.