தோள்பையில் புத்தகம் சுமந்த செல்லப்பா

சி.சு. செல்லப்பா (1912–1998) தம் எழுத்தைத் தாமே அச்சிட்டு, தாமே விற்ற எழுத்தாளர். வத்தலக்குண்டில் வளர்ந்தவர். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பது அவர் தமக்கே விதித்துக்கொண்ட வரம்பு. பெருங்கூட்டத்துக்காக எழுத்தை வளைக்க அவர் விரும்பவில்லை.

‘வாடிவாசல்’ குறுநாவலை அவருடைய எழுத்து பிரசுரமே வெளியிட்டது. ஜல்லிக்கட்டை அருகில் நின்று பார்த்தவர், புகைப்படமும் எடுத்தவர். அந்தக் கூர்மை கதையில் தெரிகிறது. ஜமீன்தாரின் காரிக்காளை தன் தகப்பனைக் குத்திக் கொன்றதால், அதைப் பிடிக்கப் பிச்சி என்பவன் வருகிறான். கதை முழுவதும் ஒரே நாளில், வாடியைச் சுற்றியே நிகழ்கிறது. முன்கதை ஆட்களின் பேச்சுவாக்கில் வந்து விழுகிறது. ஆசிரியர் குறுக்கே வந்து விளக்குவதில்லை. தமிழில் இத்தனை இறுக்கமான கதைகள் குறைவு.

இன்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் கூடப் புத்தகத் திருவிழா நடக்கிறது. வாசகர் தேடி வருகிறார். செல்லப்பா காலத்தில் அந்த வசதி இல்லை. புத்தகங்களைப் பையில் சுமந்து, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். கைப்பணம் கரைந்தது. ‘எழுத்து’ 1970இல் நின்றது.

எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற அனுபவத்திலிருந்து பிறந்த ‘சுதந்திர தாகம்’ நாவல் மூன்று பாகங்களாக 1997இல் வந்தது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மறைந்த பின், 2001இல், அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.